ஒரே குத்து

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்வாள் அந்தச் சிறுமி. ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். அவளுக்கு ஐந்து வயது, இரத்தப் புற்றுநோய். எண்ணூரிலிருந்து அவள் அம்மா பஸ்ஸில் அழைத்து வருவாள். மருந்து ஏற ஏறக் கை நரம்புகள் கெட்டுப்போயிருந்தன. தட்டிப் பார்ப்பேன், தடவிப் பார்ப்பேன், எதுவும் தட்டுப்படாது. ஒருநாள் ஆறு இடத்தில் குத்திவிட்டேன். மறுபடி ஊசியைப் பிரித்தபோது அவள் அழக்கூட இல்லை. “நான் இன்னா தப்பு பண்ணேன் சிஸ்டர்?” என்றாள். ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு வேறொரு நர்ஸை அழைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர்கள் வரவில்லை. போன் செய்தால், “வோணாம் சிஸ்டர். ஆஸ்பத்திரின்னு சொன்னாலே பாவாடைலயே ஒண்ணுக்குப் போயிடுது. இர்க்கிற வரைக்கும் வூட்ல இர்க்கட்டும்” என்றாள் அம்மா.

அந்தச் சமயத்தில்தான் வார்டுக்கு நரம்பு காட்டும் கருவி வந்தது. கையில் பிடிக்கிற டார்ச் மாதிரி இருக்கும். தோலின் மேல் பச்சை வெளிச்சம் விழும், அதில் நரம்புகள் கறுத்த கோடுகளாகத் தெரியும். லீவு நாளில் எண்ணூருக்குப் போனேன். என்னைக் கண்டதும் சிறுமி தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “ஒரே ஒரு தடவைதான் குத்துவேன். கிடைக்கலைன்னா நானே உங்களைத் திரும்ப பஸ் ஏத்தி விடறேன்” என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ!

வந்தார்கள். முதலில் என் கையில் வெளிச்சத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், “எனுக்கும் அந்தக் கோடு கீதா?” என்று தானாகவே ஒரு கையை வெளியே எடுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. ஒரே குத்து. குழாயில் இரத்தம் ஏறியதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

மருந்துக்கு அடங்கியிருந்த நோய் அடுத்த மழைக்காலத்தில் திரும்பிவிட்டது. இந்தத் தடவை அது அடங்கவில்லை. கடைசி வரை ஊசிக்கு அவளே கையை நீட்டினாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் அம்மா தனியாக வார்டுக்கு வந்தாள். “உன்னைப் பாத்து அது பயப்படாமத்தான் போச்சு சிஸ்டர்” என்றாள். பிறகு, “அந்த மூணு வாரம் மருந்து வுட்டேனே, அதாலதான் போச்சா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன், உடனே.

அதே கேள்வியை நான் ஏற்கெனவே டாக்டரிடம் கேட்டிருந்தேன். சொல்ல முடியாது என்றுதான் அவர் சொன்னார். இப்போது எங்கள் வார்டில் புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்கு அந்தக் கருவி சாதாரணம். குழந்தைகள் தங்கள் கைகளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அந்தத் தாய்க்குச் சொன்னது பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.