மில் சுவரில் பாய்ந்த புலி

செஞ்சிக் கடைத்தெருவில் போர்டு எழுதும் ஹுசைனுக்கு மொகரம் வந்தால் மனித உடம்புதான் சுவர். புலிவேஷம் போடுவதாக வேண்டிக்கொண்டவர்கள் அவனிடம் வருவார்கள். வல்லத்துக் கூலிக்காரன் கன்னியப்பன் வருஷம் தவறமாட்டான். அவன் வயிற்றில் ஒரு அரிவாள் தழும்பு. அதை மறைக்க அந்த இடத்தில் மட்டும் வரியைக் கொக்கி போல வளைப்பான் ஹுசைன்.

அறுபத்தாறாம் வருஷம், மொகரத்தன்றே மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றக் கூப்பிட்டார் எண்ணெய் மில் முதலாளி கோதண்டராமன். கன்னியப்பன் போகவில்லை. தப்பட்டைக்கு ஆடிக்கொண்டிருந்தவனை முதலாளியின் ஆட்கள் தெருவில் தள்ளி, மாட்டுச் சாட்டையால் விளாசினார்கள். மஞ்சள் பெயிண்டின் மேல் ரத்தம் வழிந்தது. ஊர் வாய் திறக்கவில்லை. ஹுசைனும் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது மில் சுவரில் ஒரு புலி பாய்ந்துகொண்டிருந்தது. வாயில் அறுந்த சாட்டை. காலடியில் வேட்டி கிழிந்த ஒரு பெரிய மனிதர், முகம் இல்லாமல். கூலிக்காரர்கள் உள்ளே போகாமல் அதன் எதிரில் நின்றுவிட்டார்கள்.

ஆத்திரத்தில் வரைந்த ஹுசைன் ஒன்றைக் கவனிக்கவில்லை. பழகிய கை, புலியின் வயிற்றிலும் அந்தக் கொக்கியைப் போட்டிருந்தது. கன்னியப்பன் வயிற்றை ஊரே பார்த்திருக்கிறது.

மில் மேஸ்திரி வீராசாமியின் ஆட்கள் கன்னியப்பனை இழுத்துவந்து, அவன் முகத்தைச் சுவரில் வைத்துத் தேய்த்தார்கள். "உன்னையே வரைஞ்சிக்கினியாடா? மூஞ்சாலயே அழி!"

இன்னும் கொஞ்ச நேரம் போனால் கொன்றுவிடுவார்கள். ஹுசைன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "வுடுங்கய்யா அவன. வரைஞ்சது நானு."

வீராசாமி சிரித்தான். "போ பாய், போயி சோப்பு வெளம்பரம் எழுது. உனக்கு ஏது அவ்ளோ தெகிரியம்?"

ஹுசைன் கையோடு கொண்டுவந்த பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். தூரிகையைத் தோய்த்து, புலியின் காலடியில் கிடந்த மனிதருக்கு முகம் போட்டான். தொங்குமீசை, சப்பை மூக்கு, இரட்டைத் தாடை. கூட்டத்தில் ஒருத்தி, "ஐய, நம்ம மொதலாளி!" என்று கத்திவிட்டாள்.

கன்னியப்பனை விட்டுவிட்டு ஹுசைனைப் பிடித்தார்கள். வலது கையைக் கருங்கல்லில் அழுத்தி, கடப்பாரையால் இடித்தார்கள். எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

முதல் கல்லை எறிந்தவள் கன்னியப்பன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு. அப்புறம் எத்தனை கற்கள் என்று யாருக்கும் தெரியாது. மில் ஓடுகள் உடைந்தன. வீராசாமியின் மண்டை பிளந்தது.

தோலுரிந்த முகத்தோடு கன்னியப்பன் ஹுசைனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

"கன்னியப்பா, வெரலுங்க இருக்குதாடா?"

"இருக்குது பாய்," என்றான் கன்னியப்பன், திரும்பிப் பார்க்காமல்.