மூன்றாவது தாள்

இது நடந்தது. கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன், நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் சோதித்தேன். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, திரும்பத் திரும்பச் சோதித்தேன். ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னைக் குழப்பியது ஒரு சின்ன விஷயம். அட்டையால் மூடிய பிறகும் விஜி வாசித்துக்கொண்டே இருந்தாள்.

விளக்கிச் சொல்கிறேன். சத்தமாக வாசிக்கும்போது நம் கண் முன்னால் ஓடும், வாய் பின்னால் வரும். வாய் ஒரு சொல்லைச் சொல்லும்போது கண் அதற்கு அடுத்த சொற்களை எடுத்து வைத்திருக்கும். அந்த இடைவெளியை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளை வாசிக்கும்போது திடீரென்று தாளை ஓர் அட்டையால் மூடிவிட வேண்டும். மூடிய பிறகும் சில சொற்கள் வாயிலிருந்து வரும். கண் முன்பே எடுத்து வைத்தவை அவை. எழுத்துக் கூட்டும் பிள்ளை ஒரு சொல்லோடு நிற்கும். நன்றாக வாசிக்கும் பிள்ளை மூன்று, நான்கு சொல் போகும். எனக்கு இது முதல் தடவை வேலை செய்தபோது கை தட்டிவிட்டேன். வாசிப்பு என்பது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நடக்கும் வேலை. அதை ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை வெளியே காட்டிவிடுகிறது!

நான் ரெஹானா. ஊர் உத்தமபாளையம். எம்.எட். ஆய்வுக்கு எடுத்த தலைப்பு, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களின் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்பது. உதவியாளர் கிடையாது. பாடம் எழுதுவது, சோதிப்பது, எண்ணுவது எல்லாம் நானே. கம்பத்தில் நசீமா அக்கா நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்தில் இடம் கொடுத்தார்கள். திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய ஒற்றைக் கூடம். பக்கத்தில் பழப்பெட்டிகள் அடுக்கிய சின்ன அறை. சத்தம் இருக்காது என்று அந்த அறையைக் கேட்டு வாங்கினேன். அங்கேயே கிடந்த பழைய மர நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எதிரே பிள்ளைக்கு ஒரு ஸ்டூல். எனக்கு நேர் எதிரே கதவு. என் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளி, பிறகு சுவர்.

விஜிக்கு ஒன்பது வயது. சம்மதம் வாங்க அவள் அப்பா தவசியைப் பார்க்கப் போனேன்.

"அவுக ஆத்தா போனதுலருந்து எம்புள்ள வாயத் தொறக்கல டீச்சர். பள்ளிக்கூடத்துல படிப்பு ஏறலன்னு சொன்னாக. ஏறலயா, ஏத்திக்கிற மாட்டேங்குதான்னு யாருக்குத் தெரியும்?"

அவள் அம்மா சங்கிலியம்மாள் ஏலக்காய் எடுக்கப் போய்வந்தவர். ஆடியில் மலைப்பாதை வளைவில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார்.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வாயத் தொறந்துச்சுன்னா இங்கன இருக்கட்டும். இல்லன்னா திருப்பூர்ல எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிருவேன். நாலு புள்ளைகளோட இருந்தாலாவது பேசுமில்ல?" என்றார். பிறகு மெதுவாக, "அது போயிருச்சுன்னா எனக்கு வீட்டுல யாரும் இல்ல டீச்சர்" என்றார்.

கார்த்திகை மாதம். மழை. பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. விஜி என் முன்னால் உட்கார்ந்தாள். வாசிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வாசித்தாள்.

மெல்லிய குரல். பரவாயில்லாத வேகம். நடுவில் அட்டையை வைத்தேன். நிறுத்தவில்லை. ஒரு சொல், நான்கு சொல், ஒரு வரி... கடைசி வரி வரை போனாள். மூடிய பிறகு வேகம் மட்டும் குறைந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுவதுபோல் வந்தது.

மனப்பாடம் என்று எண்ணினேன். மறுநாள் மத்தியானம் புதுப் பாடம் ஒன்றை நானே எழுதி, ஜெராக்ஸ் எடுத்தேன். அதையும் முடித்தாள்.

அட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எழுத்து தெரியவில்லை.

சோதிப்பவர் கையில் இன்னொரு பிரதி இருக்கும். பிழைகளைக் குறிக்க அது வேண்டும். என் கண்ணாடியில் அந்தத் தாள் பிரதிபலிக்கிறதோ? கண்ணாடியைக் கழற்றினேன். அப்படியும் முடித்தாள். பின்னாலிருக்கும் விளக்கு வெளிச்சத்தில் என் தாளின் எழுத்து மறுபக்கம் தெரிகிறதோ? தாளுக்கு அடியில் கனத்த பரீட்சை அட்டை வைத்தேன். அப்படியும் முடித்தாள்.

ஒன்றைக் கவனித்தேன். மூடிய பிறகு அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. என் இடது தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தாள்.

அறையில் ஏலக்காய் வாசனை அடித்தது. கடையில் வாங்கும் காய்ந்த ஏலக்காய் இல்லை. பச்சைக்காய். ஈரச் சாக்கோடு சேர்ந்த வாசனை. இந்த ஊரில் அது எங்கேயும் அடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒருவர் எண்ணியதை இன்னொருவரும் எண்ணிப் பார்த்தால்தான் ஆய்வில் நம்புவார்கள். என்னோடு படிக்கும் வினோத்ராஜ் தேனியில் இருக்கிறான். குரல் பதிவுகளை அவனுக்கு அனுப்பியிருந்தேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு கூப்பிட்டான்.

"ஏங்க ரெஹானா, எண்ணச் சொல்றீங்களா, என்னைய ஏமாத்துறீங்களா?"

"என்னாச்சு?"

"ஒரு பதிவுல பக்கத்துல உக்காந்து எடுத்துக் குடுக்குறாங்களே. பொம்பளைக் குரல். எழுத்துக் கூட்டி முதல்ல அவங்க சொல்றாங்க, பின்னாடி புள்ள சொல்லுது. வழிகாட்டி கேட்டார்னா உங்க ஆய்வ அப்படியே தூக்கிப் போட்டுருவார்."

"அறையில நானும் அவளும் மட்டுந்தான்."

"அப்ப அது நீங்களா? நீங்களே எழுத்துக் கூட்டுற ஆளா?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். எனக்கு விஜியின் குரல் மட்டுமே கேட்டது... அவள் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் காத்திருப்பது கேட்டது.

மூடிய பிறகு வரும் சொற்கள் எங்கிருந்து வருகின்றன? கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. எளிய வழி. இரண்டு பிரதியிலும் ஒரே ஒரு சொல்லை மாற்றி வைப்பது. விஜியின் தாளில், "படகில் ஒரு பூனை இருந்தது." என் தாளில், "படகில் ஒரு கரடி இருந்தது." அந்த வரிக்கு முன்பே மூட வேண்டும். அவள் எந்த மிருகத்தைச் சொல்கிறாளோ, அந்தத் தாளிலிருந்துதான் சொல் வருகிறது. யாரும் ஊகித்துக் கரடி என்று சொல்ல மாட்டார்கள்.

மறுநாள். ஆறரை மணி. மழை தகரக் கூரையில் அடித்தது.

விஜி வாசித்தாள். ஆறு வந்தது. படகு வந்தது. அட்டையை வைத்தேன்.

அவள் கண் என் தோளுக்கு மேலே போனது.

"படகில்... ஒரு..."

காத்திருந்தாள்.

"க... ர... டி."

பிறகு சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்ததில்லை. வேடிக்கையான ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து படித்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

கரடி என் தாளில் இருந்த சொல்.

அந்தத் தாள் என் மடியில் இருந்தது. எழுத்து என்னைப் பார்த்து இருந்தது. அதை வாசிக்க ஒரே ஓர் இடத்திலிருந்துதான் முடியும்.

என் தோளுக்குப் பின்னாலிருந்து.

பின்னால் ஒரு முழம்தான். பிறகு சுவர்.

ஏலக்காய் வாசனை... மிக அருகில்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒன்றை மாற்றினேன். என் தாளைக் கவிழ்த்தேன்.

விஜி வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

மழைச் சத்தம் மட்டும்.

என் காதோரம் மூச்சு. சூடாக இல்லை.

கவிழ்த்த தாளின் மேல் ஒரு சொட்டு நீர் விழுந்தது. மேலே கூரை ஒழுகவில்லை.

தாளின் ஓரம்... மெல்ல... உயர்ந்தது. காற்று இல்லை. உயர்ந்து... விழுந்தது. மறுபடி உயர்ந்தது. தூக்கத் தெம்பில்லாத விரல்போல.

விஜியின் கண் நிறைந்தது.

"திருப்புங்க டீச்சர்," என்றாள். "அம்மாவுக்குத் தெரியல."

நான்கு மாதமாக எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வாக்கியத்தை அவள் பேசியிருக்கவில்லை.

திருப்பினேன்.

அவள் கடைசி வரி வரை வாசித்தாள். நான் அசையாமல் தாளைப் பிடித்திருந்தேன், கை நடுங்கினால் எழுத்து ஆடுமே என்று.

வாசனை குறைந்தது. விஜி எழுந்து போனாள். தாளைப் பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே ஈரமான பெருவிரல் தடம். காய் எடுக்கும் கைகளில் ஏறுமே, அந்தக் கறுப்புக் கறை.

கூடத்தில் நசீமா அக்கா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "சங்கிலியம்மாளுக்குப் படிக்கத் தெரியுமாக்கா?"

அக்கா பாயைக் கீழே வைத்தார். "நீ உக்காருற நாற்காலி எது?"

"அந்த ரூம்ல கிடந்த மர நாற்காலி."

"யா அல்லா..." அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது என் நாற்காலிடி. சங்கிலிக்கு வந்த புதுசுல எழுத்தே தெரியாது. ஜீப்ப விட்டு இறங்கி நேரா இங்கன வரும், விஜியக் கூப்பிட. வந்து எம்பின்னால நின்னுக்கிட்டு, எங்கையில இருக்க புத்தகத்த எட்டி எட்டிப் பாத்து எழுத்துக் கூட்டும். விஜி எதிர உக்காந்து திருத்தும். ஆத்தாளும் மகளும் அடிக்கிற கூத்துல எனக்குச் சிரிப்புத் தாங்காது. 'தனியா ஒரு புத்தகம் தர்றேன், உக்காந்து படி'ன்னா கேக்காது. 'நாலு புள்ளைக முன்னால நான் புத்தகம் விரிக்கவாக்கா? இப்படியே நின்னுக்கிறேன்'னு சொல்லும். வெக்கம். ரெண்டாங்கிளாஸ் பாடம் பாதி வந்துருச்சு..."

"அப்புறம் ஏன் நாற்காலிய அந்த ரூம்ல போட்டீங்க?"

அக்கா தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சாயங்காலமும் வந்துச்சு ரெஹானா. வழக்கம்போல பின்னால வந்து நின்னுச்சு. நான் திரும்பல, ஏலக்கா வாசந்தான் தெரியுமே. 'வா சங்கிலி, என்ன இம்புட்டு நனைஞ்சிருக்க'ன்னு கூடக் கேட்டேன், தோள்ல தண்ணி சொட்டுச்சுன்னு. ஒரு பக்கம் படிச்சுச்சு. ஏழு மணிக்குத்தான் சேதி வந்துச்சு, ஜீப்பு கவுந்துருச்சுன்னு..."

"எத்தன மணிக்குக் கவுந்துச்சு?"

"மத்தியானம் மூணு."

விஜியின் சொல் எண்ணிக்கையை ஆய்விலிருந்து எடுத்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் என் தாளைக் கவிழ்த்தே வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை சரியாக வரும். ஆனால் அந்தத் தாள் உயர்ந்து உயர்ந்து விழுந்ததை நான் பார்த்தேனே. பாதிப் பாடத்தில் அந்தப் புத்தகத்தை மூட எனக்கு மனம் வரவில்லை. மூடினால் விஜியின் வாயும் மூடிவிடும். பொங்கலுக்குப் பிறகு தவசிக்கு வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் அதே பாடத்தின் இன்னொரு பிரதியை, சங்கிலியம்மாளுக்கென்று, என் நாற்காலிக்குப் பின்னால் வைத்தேன். பலிக்கவில்லை. விஜி மறுபடியும் கடைசி வரி வரை போனாள். யோசித்தால் சரிதானே? அதே பாடம் என்றால் அதே சொல்தான் பின்னாலிருந்தும் வரும். பிறகுதான் அவர் படிக்க வேறு கதை ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி அங்கே விரித்தேன்.

தை பிறந்துவிட்டது. விஜி கம்பத்தில்தான் இருக்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறாள். போன வாரம் தவசி வந்து வாசலிலேயே நின்றார். "என்னைய ஏலே சோம்பேறின்னு திட்டுது டீச்சர், அவுக ஆத்தா மாதிரியே" என்று சொல்லி அழுதார்.

இதே சோதனையைச் செய்பவர்கள் யாராவது படித்தால் பயன்படும் என்பதால், செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தாள் வேண்டும். ஒன்று பிள்ளைக்கு. ஒன்று எனக்கு. மூன்றாவது, ரெண்டாம் வகுப்புப் பாடத்தில் பாதிக்கு மேல், என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் விரித்திருக்க வேண்டும். அதைக் கொடுக்கிறோம் என்று வாயால் சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசனை வந்த பிறகு சோதனையைத் தொடங்க வேண்டும். அட்டையை வைத்தால் விஜி மூன்று சொல்லில் நிறுத்திவிடுகிறாள்.