மிலான் தலைக்கவசங்களின் உட்புறம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இறங்குவதற்கு மணி அடிக்கக்கூட வேறு யாராவது முந்தட்டும் என்று காத்திருக்கிற ஆள் நான். பயணக் குறிப்பு எழுதி நாலு பேருக்கு வழி சொல்வது எனக்குப் பொருந்தாத வேலை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியப் போர்வீரர்களின் தலைக்கவசங்களைப் பார்க்க மத்திய லண்டன் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள் நான். இந்தத் தலைக்கவசங்களின் வடிவமைப்பைப் பற்றித்தான் கடைசி வருடக் கட்டுரை எழுதினேன், படங்களை மட்டும் பார்த்து. பட்டம் கிடைத்ததும் நேரில் கூட்டிப்போவதாக அண்ணா சொல்லியிருந்தார். அவர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொடுப்பவர். ஆறு வாரங்களுக்கு முன் நோர்பரி பிரதான வீதியில், நின்றிருந்த கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்தது. அண்ணா பின்மண்டை அடிபட விழுந்தார். இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது. என்னை யாரென்று தெரியவில்லை.

ஹெல்மெட் போட்டிருந்தும் இப்படியா என்று அம்மா கேட்பார். பதிலையும் அவரே வைத்திருந்தார்: விற்றவர் ஏமாற்றிவிட்டார். விற்றவர் எங்கள் வீதி முனையில் கடை வைத்திருக்கும் ரமணன் அண்ணை. ஒரு சனிக்கிழமை, ஆட்கள் நிறைந்த கடைக்குள் போய், “பழுதான சாமானைத் தந்து என்ர பிள்ளையைப் படுக்கையிலை போட்டிட்டீர்!” என்று அம்மா கத்தினார்.

“அக்கா, ஒருக்கா அந்த ஹெல்மெட்டைக் கொண்டுவந்து காட்டுங்கோ, பாப்பம்,” என்று மட்டும் அவர் சொன்னார்.

ஹெல்மெட் என் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதற்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பின்னால் நின்றேன், வாய் திறக்கவில்லை.

சரி, வழி. ரயில் விரைவானது, ஆனால் நான் பஸ்ஸில் போனேன். காலை 9.10க்கு நோர்பரியில் 109இல் ஏறி, ஸ்ட்ரெதமில் 159க்கு மாறினால் ஆக்ஸ்போர்ட் சர்க்கஸ் வரை போகலாம். ஒரு மணித்தியாலத்துக்குள் மாறினால் இரண்டுக்கும் சேர்த்து 1.75 பவுண்ட். எனக்கு மொத்தமாக ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. 109 அண்ணா விழுந்த இடத்தைக் கடந்துதான் போகும். பார்க்கக் கூடாதென்று வலப்பக்கம் இருந்தேன். எதிர்க் கடைக் கண்ணாடியில் அந்த இடம் தெரிந்தது. இறங்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடை. அனுமதி இலவசம்.

மிலான் கொல்லர்கள் இரும்புத் தகட்டை அடித்து வளைத்துத் தலை முழுவதையும் மூடியிருக்கிறார்கள். ‘பார்பியூட்’ என்பதில் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆங்கில T எழுத்தைப்போல ஒரே திறப்பு. ‘ஆர்மெட்’டில் கன்னத் தகடுகள் கீல்களில் திரும்பி நாடியில் வந்து பூட்டிக்கொள்ளும். எங்கேயும் தட்டையான இடம் இல்லை. வாளோ ஈட்டியோ பட்டால் வழுக்கிப் போக வேண்டும். இவ்வளவும் என் கட்டுரையில் இருந்தது. நல்ல புள்ளிகள் கிடைத்தன.

கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, கீழிருந்து உள்ளே பார்த்தேன். அறைக் காவலுக்கு நின்ற பெண் வந்தார். மலேசியத் தமிழர், முப்பத்தைந்து வயதிருக்கும்.

“எல்லாரும் மூஞ்சிக்கு நேரா நின்னு செல்ஃபி எடுப்பாங்க. நீங்க என்னம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களான்னு தேடுறீங்களா?”

“உள்ளுக்கு ஒண்டும் இல்லையோ, அக்கா?”

“இப்ப இல்ல. அப்ப துணிக்குள்ள பஞ்சு வெச்சுத் தச்சிருப்பாங்க. அதெல்லாம் மக்கிப்போச்சு. இந்த ஆணி வரிசை இருக்கே, அதைப் பிடிக்கத்தான்.”

“பஞ்சில்லாமல் போட்டால்?”

“கோயில் மணியைத் தலையில கவுத்துக்கிட்டு, யாரையாச்சும் அடிக்கச் சொல்ற மாதிரிதான்!” அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உக்காருங்க, தண்ணி வேணுமா?” என்றார்.

லூயிஷாம் கோயிலில் காவடி எடுப்பதாக நேர்ந்து, அண்ணா ஒரு வருடமாக முடி வளர்த்தார். கொண்டை கட்டினால் ஹெல்மெட் இறங்கவில்லை. ஒரு நாள் சமையலறை மேசையில் அதை என் முன்னால் வைத்தார்.

“முடியிலை கை வைக்க ஏலாது. இதைக் கொஞ்சம் வெட்டிவிடு. நீதானே ஹெல்மெட் படிச்சனி, எக்ஸ்பேர்ட்!”

உள்ளே பின்பக்கம் இருந்த ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைத் திணிப்பை மரக்கறிக் கத்தியால் கொண்டை அளவுக்குக் குடைந்தெடுத்தேன். வெளிக்கூட்டில் கீறல் இல்லாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். என் கட்டுரை முழுவதும் வெளிக்கூட்டைப் பற்றித்தானே. அண்ணா போட்டுப் பார்த்து, “சோக்கா இருக்கு” என்றார். அந்த முடியை மருத்துவமனையில் முதல் நாளே மழித்துவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: வாரநாள் காலையில் போங்கள், கூட்டம் குறைவு. கவச அறைகளுக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். தலைக்கவசங்களைக் குனிந்து பாருங்கள், ஆணி வரிசை அப்போதுதான் தெரியும். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் இருந்தால், அவர்களுடைய ஹெல்மெட்டின் உள்ளேயும் ஒருமுறை பாருங்கள். அந்த அறையை விட்டு வந்தபோது என் மனம் லேசாகவில்லை. நான் குடைந்தெடுத்தது எதற்காக இருந்தது என்பது மட்டும் தெரிந்தது. தெரிந்து இனி அண்ணாவுக்கு ஆவது ஒன்றுமில்லை.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய் அடுப்பை நிறுத்தினார்.

இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட வேண்டுகோள் இதுதான். அம்மாவின் சொல்லைக் கேட்டு நோர்பரியில் பலர் ரமணன் அண்ணையின் கடைக்குப் போவதில்லை. அவர் விற்ற ஹெல்மெட்டில் ஒரு பிழையும் இல்லை. இந்தச் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அதைக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்து, நடந்ததைச் சொல்லப் போகிறேன். அன்று அம்மா கத்தியதைக் கேட்டவர்கள் தயவுசெய்து வாருங்கள். என் குரல் சின்னது. கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்கள்.