வெள்ளைச் சீட்டு மட்டும்

கிளியம்மாள் போன தேர்தலில் ஏழு ஓட்டில் தோற்றாள். வடக்குப்பட்டுக்கு அடுத்த ஊராட்சியில் மூன்றாவது வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றிருந்தாள். நானூற்றுச் சொச்சம் ஓட்டு இருக்கும் வார்டில் ஏழு என்பது ஒரு குடும்பத்துக்குக்கூடக் காணாது. "அது எந்த வூடுன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா கால்ல வுழுந்திருப்பேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாளே தவிர, அந்த ஏழு அவளை உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பதினெட்டுப் பெண்களைக் கட்டி மேய்க்கிறவள். ஏ ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகிற ஜென்மம் இல்லை. கைப்பையில் எப்போதும் யாருடைய மனுவாவது இருக்கும். ஜெயித்த கோதண்டம் வார்டு உறுப்பினர் என்று பெயர் போட்ட லெட்டர்பேடு அடித்ததோடு சரி. மாதா கோயில் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வரவேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்துக்கு எட்டு நடை நடந்து அதை வாங்கிக் கொடுத்தது தோற்றவள்தான். இத்தனைக்கும் அந்தத் தெருவில் அவளுக்கு ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை.

அவள் எந்தக் கட்சி என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள். வார்டு தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது என்பது சட்டம். யார் எந்தக் கட்சி ஆள் என்பது ஊரில் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். இந்தத் தடவை மறுபடியும் நின்றாள். அவளுக்குச் சீப்புச் சின்னம் கிடைத்தது. எதிரே அதே கோதண்டம், ஆட்டோ சின்னம்.

அவள் கட்சியின் கிளைச் செயலாளர் நம்பிராஜன், வாக்காளர் பட்டியலில் பேனாவால் குறி போட்டு வைத்திருந்தான். டிக் போட்டால் நம்ம ஓட்டு, பெருக்கல் போட்டால் அவங்க ஓட்டு. மாதா கோயில் தெரு முழுக்கப் பெருக்கல்.

"அங்க போயி தொண்டத் தண்ணிய வத்த வைக்காதக்கா" என்றான்.

"அவங்க அந்தக் கட்சிதான்டா. ஆனா வெறி புடிச்சவங்க இல்ல. கொடி கட்டுவாங்க, கல்லு வீச மாட்டாங்க. அப்படிப்பட்ட ஆளாண்ட பேசாம வேற யாராண்ட பேசுறது?"

ஊராட்சித் தேர்தலில் ஆளுக்கு நாலு ஓட்டு. மாவட்டத்துக்கு மஞ்சள் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, தலைவருக்கு ரோசா, வார்டுக்கு வெள்ளை. நாலையும் ஒரே கட்சிக்குக் குத்திவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம். கட்சியையே மாற்று என்றால் எவனும் மாற்றமாட்டான், வெள்ளையை மட்டும் கேட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு லாசர் வீட்டுக்குப் போனாள். லாசர் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கோதண்டத்தின் கட்சியில் இருபத்தைந்து வருஷம். அவர் சொன்னால் அந்தத் தெரு கேட்கும். அவர் மனைவி அருள்மேரி நாற்காலி போட்டு டீ கொடுத்தாள்.

"லாசரண்ணே, மஞ்ச, பச்ச, ரோசா மூணும் உங்க கட்சிக்கே போடுங்க. நான் வாயே தெறக்க மாட்டேன். வெள்ள சீட்டு மட்டும் எனக்கு."

லாசர் சிரித்தார். "நல்லா கீதும்மா நாயம். அப்ப நான் ஒண்ணு கேக்குறேன். தலைவருக்கு நிக்கிற எங்காளு தங்கமான மனுசன், நீயே சொல்லிகீற. உன் ரோசாவ அவருக்குப் போடுவியா?"

கிளியம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தெருவே அவள் பக்கம். அவள் யாருக்குக் குத்தினாள் என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"மாட்டேண்ணே" என்றாள். "அவரு நல்லவருதான். ஆனா என் கை போவாது. போடுறேன்னு பொய் சொல்லி உங்களாண்ட ஓட்டு வாங்கினா, அப்புறம் இந்தத் தெருவுல எந்த மூஞ்ச வச்சிகினு நடக்குறது?"

"உன் கை போவாதுன்னா என் கை மட்டும் போவுமா?"

"அத உங்க கையத்தான் கேக்கணும். கொழாத் தண்ணி புடிக்கிற கையாச்சே."

உள்ளே இருந்து அருள்மேரி சிரித்துவிட்டாள். "ஓட்டு கேக்க வந்து மாட்டேன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றாள். லாசர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "வெள்ள உனக்குத்தான். தெருவுல நான் பேசுறேன்" என்றார்.

விஷயம் தெரிந்து நம்பிராஜன் தாம்தூம் என்று குதித்தான். "எதிர்க்கட்சிக்கு மூணு ஓட்டு கேட்டுட்டு உனக்கு ஒண்ணு வாங்கிகினு வர்றியாக்கா? மேல இருக்கிறவங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அந்த மூணு என்னிக்குடா நமக்கு வந்துது? வராத விருந்தாளிக்கு எதுக்கு எல போட்டுகினு கீற?"

ஓட்டுப் பதிவு அமைதியாக முடிந்தது. மறுநாள் சாயங்காலம் லாசரின் ஆட்டோ அவள் வாசலில் நின்றது. இறங்கிய மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு நடந்துபோச்சு கிளி. மஞ்ச, பச்ச, ரோசா குத்திட்டு வெள்ளையப் பிரிச்சேன். ஆட்டோ படம் போட்டிருந்துது. இருவத்திரண்டு வருசமா காலைல எழுந்தா அது மூஞ்சிலதானே முழிக்கிறேன். கை தானா போயிடுச்சு. குத்தின பின்னாடிதான் சீப்பு கண்ணுல பட்டுது. வேற சீட்டு குடுங்க சார்னு கேட்டேன், ஆபீசர் கத்திட்டாரு."

கிளியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"ஏழு ஓட்டுல தோத்தவ நீ" என்றார் லாசர். "என்னால நீ மறுபடி தோத்துட்டா எனக்குச் சோறு எறங்காது."

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தனக்காக இப்படிக் கலங்கி நிற்கிறாரே என்று அவளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கூடவே ஒரு சந்தேகமும் கிளம்பியது.

"அண்ணே, உங்க தெருவுல மொத்தம் எத்தினி பேரு ஆட்டோ ஓட்டுறாங்க?"

லாசர் விரல்விட்டு எண்ணினார். "ஒம்போது" என்றார் மெதுவாக.

அடுத்த மூன்று நாளும் கம்பெனியில் அவள் துடைத்த இடத்தையே துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வழியில் ஆட்டோவைக் கண்டாலே பகீர் என்றது.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் ஓட்டு எண்ணினார்கள். வெளியே இரண்டு கட்சிக் கூட்டமும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றிருந்தது. லாசர் தன் கட்சிக் கூட்டத்தின் நடுவில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மதியம் மைக்கில் அறிவித்தார்கள். மூன்றாவது வார்டு, கோதண்டம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, கிளியம்மாள் இருநூற்று இரண்டு.

சான்றிதழை நெஞ்சோடு அணைத்தபடி அவள் வெளியே வந்தபோது, நம்பிராஜன் மாலையோடு ஓடி வந்தான். அவன் தோளுக்கு மேலாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தோற்ற கட்சிக் கூட்டத்தின் நடுவே லாசர் ஒருவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"இன்னாய்யா இது? நம்மாளு தோத்துப்போய் நிக்கிறான், நீ குதிக்கிற. சீப்புக்குப் போட்டியா?"

லாசர் ஜெபமாலையை உயர்த்திப் பிடித்தார்.

"மாதா மேல சத்தியமா சொல்றேன்யா, என் ஓட்டு ஆட்டோவுக்குத்தான்."