அயோடின் உப்பும் வராத அழுகையும்

இன்று திண்டுக்கல்லில் டாக்டரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, பாக்கெட்டில் வரும் அயோடின் உப்பே போதும் என்று நம்பி நான்கு மாதம் ஓட்டியிருந்தேன்.

"உப்பு வேற, மாத்திரை வேறம்மா. உங்க சுரப்பியே சரியா வேலை செய்யல. அதான் உடம்பும் மனசும் மரத்துக் கெடக்கு" என்றார். தலையாட்டினேன். வருத்தம்கூட வரவில்லை.

சின்னாளப்பட்டி பஸ்ஸில் சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அப்பன் செத்து ஒரு மாசம் ஆகல. ஒரு சொட்டு கண்ணீர் விட்டியாடி? கல்லு மாதிரில்ல நின்ன!"

டாக்டர் சொன்னதைச் சொல்லி, மாத்திரையையும் காட்டினேன்.

சித்தி அதை உற்றுப் பார்த்தார். "இம்புட்டுக்காணு மாத்திரையத் தின்னா அழுகை வந்துருமாக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக் காலை வெறும் வயிற்றில் தொடங்குகிறேன். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் சொல்லுங்கள், அப்பாவுக்காக அழ எத்தனை நாளாகும்?