முகம் வரும் இடம்

கத்திரியை வைப்பதற்கு முன் துணியில் இருக்கும் முகத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வாள் அராபா அக்கா. "கண்ணுகிட்ட இரும்பு போகுதில்ல, மனுஷன் பயந்துக்கப் போறாரு" என்பாள். தலைவர்கள் முகம் அச்சிட்ட துணியைத் தைக்க, கானாவின் செகொண்டிச் சந்தையில் அவளை விட்டால் ஆள் கிடையாது. நெஞ்சில் ஒரு முகம், முதுகில் ஒரு முகம். காது தையலுக்குள் போகக் கூடாது, தலைகீழாக வரக் கூடாது. பாவாடையில் வந்தால் முழங்காலுக்குக் கீழேதான்.

"அரை கெஜம் மிச்சம் பண்ணிக் குடேன்" என்று யாராவது கெஞ்சினால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள். "மிச்சம் பண்ணி, அவரு மூஞ்சிய உன் பின்னாடி வெச்சுத் தைக்கவா? அது மேலயா உக்காருவ? நாட்டுக்காக ஜெயிலுக்குப் போனவருடி!"

எண்ணெய் துணியில் படக் கூடாதென்று, புளித்த சோளமாவில் அவித்த கெங்கி உருண்டையும் பொரித்த மீனும் வெளியே நின்றபடியே தின்பாள். என் மண்ணெண்ணெய்க் கடை எதிரிலேயே என்பதால் இதெல்லாம் எனக்குத் தினசரிக் காட்சி.

இன்றைய அமைச்சர் பைடூ அப்போது ரயில்வே தொழிற்சங்கத்தில் எடுபிடி. ஒரு ஊர்வலத்தன்று கிழிந்த கால்சட்டையைக் கழற்றித் தைக்கக் கொடுத்துவிட்டு, அக்காவின் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான்: "வெள்ளைக்காரன் போகட்டும்க்கா. மொதல்ல இந்தச் சந்தைக்குக் குழாய், அப்புறம்தான் எனக்குச் சோறு."

வெள்ளைக்காரன் கானாவை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிறது. பைடூ தின்னாத சோறில்லை. குழாய்தான் வரவில்லை. வந்தது ஒரு நோட்டீஸ்: சுதந்திர தின மேடைக்காகத் தெருவோரக் கடைகள் பத்து நாளில் காலியாக வேண்டும். வெள்ளைக்காரன்கூட இந்தச் சந்தையில் கை வைத்ததில்லை!

அக்கா மட்டும் நம்பினாள். "அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. நான் போய்ச் சொன்னா கிழிச்சுப் போட்டுருவான் பாரு." நல்லதாக உடுத்திக்கொண்டு மூன்று பகல் அவன் வீட்டு வாசலில் நின்றாள். மூன்றாம் நாள் கார் கண்ணாடியை இறக்கி, "யாருய்யா இந்தப் பொம்பள?" என்று காவல்காரனைக் கேட்டுவிட்டு, கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாளே அந்த வீட்டிலிருந்து துணி வந்தது. விழா மேடையில் அவன் மனைவி உடுத்த, பைடூவின் முகமே அச்சிட்டது. என்ன நெஞ்சழுத்தம்! கடையை இடிக்கிறவனுக்கு அந்தக் கடையின் கடைசித் தையலும் வேண்டுமாம்.

தூக்கி எறியச் சொன்னேன். அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "மேடையில அந்தம்மா எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்க?"

"பேசி முடிக்க நாலு மணி நேரமாவது ஆகும்."

"உடுத்திட்டுக் கண்ணாடியில முன்பக்கந்தான பாப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "வேணாம்க்கா. புடிச்சு உள்ள போட்டுருவானுங்க."

"உக்கார ஒரு எடம் இருந்துச்சு, அதையும் எடுத்துட்டான். உள்ளயே உக்காந்துக்கறேன், போ."

பாவாடையின் பின்பக்கத் துணியை மேசையில் விரித்தாள். பைடூவின் முகத்தை நட்டநடுவில், இடுப்புக்கு ஒரு சாண் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். கன்னத்துச் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள். சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டுக் கத்திரியை எடுத்தாள். இந்த முறை முகத்தை மூடவில்லை.