டீச்சரிடம் கேட்காத கேள்வி

அந்த நர்ஸ் அத்தையின் கட்டிலருகே பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்காக அத்தையைத் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்தப் பெண் அத்தையிடம் படித்தவள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள், குடிப்பழக்கம், தூக்க மாத்திரை என்ற இடம் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டீச்சர்ட்ட போயி இதையெல்லாம் கேக்க முடியுமா?" என்று அவளாகவே 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

அத்தை தூக்க மாத்திரை போடுவது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. மாமா இறந்த வருடம் தூக்கம் வராமல் தவித்த அத்தைக்கு, கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. மருந்துக்கடை அண்ணாச்சி ஒருதடவைகூடச் சீட்டு கேட்டதில்லை. டீச்சரிடம் சீட்டு கேட்டால் மரியாதையாக இருக்காதாம். மரியாதை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே கட்டிலில் ஒரு லோடுமேன் படுத்திருந்தால், எவ்வளவு குடிப்பாய் என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அதட்டிக் கேட்டிருப்பார்கள். அது வைத்தியத்துக்குத் தேவையான கேள்வி என்பது மட்டும் ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை.

வேறு மாத்திரை எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால், அத்தையின் கைப்பையை அவர் மகன், என் அத்தான், வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மாத்திரை அதற்குள்தான் இருந்தது. அத்தை வாய் திறக்கவில்லை. மகனும் சம்பந்தி வீட்டாரும் நிற்கும்போது எப்படித் திறப்பார்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்தடுத்த நாட்களில் அத்தைக்குப் பொட்டுத் தூக்கமில்லை, கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. பிறகு வெறும் சுவரைப் பார்த்து, "ஏலே, வரிசையில நில்லுங்கலே" என்று அதட்ட ஆரம்பித்தார். மயக்க மருந்தின் மிச்சம், வயசு வேறு ஆகிவிட்டது என்றார் டாக்டர்.

புத்தி கலங்கினால் அருவியில் தலையைக் காட்டினால் தெளியும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அத்தான் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு நேரே ஐந்தருவிக்கு விட்டார் காரை. தையல் நனையக் கூடாது என்று வழியெல்லாம் கத்தினேன். "தலையை மட்டும் காட்டுவோம், நீ சும்மா வா" என்றார். சீசன் கூட்டம். நானும் அங்கே குளிக்க வந்திருந்த இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு கை பிடித்து நிறுத்தினோம். தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்தில் அத்தையின் உடம்பு விறைத்தது, வெட்டி வெட்டி இழுத்தது. ஈரப் பாறையில் அவர் தலை மோதாமல் என் மடியில் பிடித்துக்கொண்டேன். சாமி வந்துவிட்டது என்று யாரோ கும்பிட்டார்கள். அவர்களை அறைந்திருப்பேன், கை ஒழிவாக இல்லை.

அங்கிருந்து தூக்கிக்கொண்டு ஓடிய வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர், வலிப்பு அடங்கி அத்தைக்கு நினைவு தெளிந்ததும், துணைக்கு என்னை மட்டும் விட்டுவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினார். பக்கத்தில் உட்கார்ந்து, நிறையப் பேர் மாத்திரை போடுகிறார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, தூக்கத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அத்தை விம்மினார். "இத்தன வருசத்துல ஒருத்தரும் கேக்கலியே, தாயி."

பழகிய மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தியதால் வந்த வினை என்று டாக்டர் விளக்கினார். மறுபடியும் மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் விடவைத்தார். அத்தானுக்குக் கோபம் வந்தது மருந்துக்கடைக்காரர் மேலல்ல, அந்த டாக்டர் மேல். எங்கம்மாவைப் பார்த்து இப்படியெல்லாம் கேட்கலாமா என்று குதித்தார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று எனக்கும் உத்தரவு போட்டார்.

இந்த வருடம் அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன். வேறு ஆஸ்பத்திரி, வேறு நர்ஸ், குடி, தூக்க மாத்திரை என்ற இடம் வந்ததும் அதே சிரிப்பு. "உங்கட்ட இதெல்லாம் கேக்க வேண்டாம், டீச்சர்" என்று அடுத்ததற்குத் தாவினாள். அத்தான் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "கேளு தாயி. கேக்காம விட்டுத்தான் என்னைச் சாகக் கொடுக்கப் பாத்தாங்க."